இழையும் விளக்கும் மூக்குக்கண்ணாடியும்

துப்பாக்கியின் மேல் பூட்டப்படும் குறிநோக்கியைப் பற்றி இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் பேச என்ன இருக்கிறது என்ற வினா எழுவது இயல்பே. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. ஆயினும் நம்மில் பலர் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள். கண்ணாடி அணிந்த ஒருவர் நுண்ணோக்கியின் முன்னோ, இருகண் நோக்கியின் முன்னோ, புகைப்படக் கருவியின் முன்னோ குனியும்போது, அக்கருவி எத்தகைய கண்ணை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. குறிநோக்கியில் அது இன்னும் கூர்மையாக வெளிப்படும். அங்கே பார்வைப் பிழைக்கு விலை உயிர். இந்தக் கருவிக்கும் குறையுள்ள கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 400 ஆண்டுகளாக நிலவும் உறவைச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலில் இன்றைய நிலை. அமெரிக்காவில் குறைந்த உருப்பெருக்கம் கொண்ட ஒரு வகைக் குறிநோக்கி இப்போது பெருவழக்காகியுள்ளது. ஒரு மடங்கில் தொடங்கி 4, 6, 8 அல்லது 10 மடங்கு வரை ஏற்றி இறக்கலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எல்பிவிஓ’ என்பர். ஒரு மடங்கில் இரு கண்களையும் திறந்தே வைத்து அருகில் உள்ளதைப் பார்க்கலாம். மடங்கை ஏற்றிச் சில நூறு மீட்டருக்கு அப்பால் உள்ளதையும் பார்க்கலாம். நடுவில் உள்ள குறியிழை மின்கலத்தால் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரீன் படை 2020இல் டிரிஜிக்கான் நிறுவனத்தின் 1–8 மடங்கு நோக்கியைத் தேர்ந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை வோர்டெக்ஸ் நிறுவனத்தின் 1–8 மடங்கு மின்னணு நோக்கிக்கு ஒப்பந்தம் அளித்தது.

மூக்குக்கண்ணாடி அணிந்தவர் இத்தகைய நோக்கியை வாங்கச் செல்லும்போது மூன்று முறைப்பாடுகள் எழுவதுண்டு. ஒன்று, ஒளிரும் புள்ளி புள்ளியாகத் தெரிவதில்லை. வால்நட்சத்திரம் போலவோ சிதறிய பூப்போலவோ தெரிகிறது. இரண்டு, காட்சியின் விளிம்பில் கருநிழல் புகுந்து வட்டத்தைப் பிறையாக்குகிறது. மூன்று, கண்ணாடியை அணிவதா கழற்றுவதா என்பதே தெளிவாகவில்லை. இம்மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

1. சிலந்தியின் இழை

தொலைநோக்கி 1608இல் ஹாலந்தில் அறியப்பட்டது. மறு ஆண்டில் கலிலியோ அதை வானத்தை நோக்கித் திருப்பினார். ஆனால் கலிலியோவின் தொலைநோக்கியைக் கொண்டு குறிபார்க்க இயலாது. அதன் கண்வில்லை குழிவில்லை. எனவே குழலுக்குள் பிம்பம் எவ்விடத்திலும் மெய்யாக விழுவதில்லை. பிம்பம் விழாத இடத்தில் இழையை வைத்தால் அது தெளிவாகத் தெரியாது. கெப்ளர் 1611இல் இரண்டு குவிவில்லைகளைக் கொண்ட அமைப்பை எழுத்தில் விளக்கினார். அதில் பிம்பம் தலைகீழாக விழும். ஆனால் குழலுக்குள் மெய்யாகவே விழும்.

அந்த இடத்தில் இழையை வைக்கலாம் என்பதை உணர்த்தியது ஒரு சிலந்தி. இங்கிலாந்தின் யார்க்ஷர் பகுதியைச் சேர்ந்த வில்லியம் கேஸ்காய்ன் என்ற இளைஞர், 1630களின் இறுதியில் இரு குவிவில்லைகளைக் கொண்டு சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். திறந்திருந்த குழலுக்குள் சிலந்தி ஒன்று இழை கட்டியிருந்தது. சூரியனோடு அவ்விழையும் துல்லியமாகத் தெரிந்தது. தொலைவில் உள்ள பொருளும் அருகில் உள்ள இழையும் ஒரே தளத்தில் நின்று கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கணத்திலிருந்தே குறுக்கிழையின் வரலாறு தொடங்குகிறது எனலாம்.

கேஸ்காய்ன் தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இன்னொரு செய்தியும் உண்டு. இரவு மிக இருண்டு இழை தெரியாதபோது, ஒரு கூண்டு விளக்கில் மெழுகுவர்த்தியை வைத்து அதன் ஒளி கண்ணாடிக்குள் விழுமாறு செய்ததாக அவர் குறிப்பிடுகிறார். இன்று கைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி ஒளியேற்றும் குறியிழையின் முன்னோடி அந்த மெழுகுவர்த்திதான். வானத்தை அளக்கவே அவர் இழையையும் விளக்கையும் அமைத்தார். ஆனால் உள்நாட்டுப் போர் அவரைக் களத்துக்கு இழுத்துச் சென்றது. 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூரில் மன்னர் தரப்பில் போரிட்டு மாண்டார். வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி நிலைபெற மேலும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஜான் சாப்மன் 1840களில் வெளியிட்ட நூல் இதை விரிவாக விவரித்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதல் இவற்றைச் செய்து விற்றார். துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே நீண்டு கிடந்த மெல்லிய பித்தளை, எஃகுக் குழாய்கள் அவை.

2. புள்ளி கோடான கதை

மூன்று முறைப்பாடுகளில் முதலாவதை விளங்கிக்கொள்ள வானியலாளர் ஒருவரின் இடக்கண்ணை நாட வேண்டும்.

ஜார்ஜ் பிடல் ஏரி பின்னாளில், 1835இல், கிரீனிச் வானாய்வகத்தின் அரச வானியலாளர் ஆனவர். கேம்பிரிட்ஜில் இளம் ஆசிரியராக இருந்தபோது, தாம் படிக்கும்போது இடக்கண்ணைப் பயன்படுத்துவதே இல்லை என்பதைக் கண்டார். விண்மீனையோ தொலைவிளக்கையோ அக்கண்ணால் நோக்கினால் அது புள்ளியாகத் தெரியவில்லை. நீண்ட கோடாகத் தெரிந்தது. அட்டையில் நுண்துளை இட்டு, அதன் ஒளியை அருகிலும் தொலைவிலும் நகர்த்திப் பார்த்தார். ஒரு தொலைவில் அது ஒரு திசையில் கோடாயிற்று. மற்றொரு தொலைவில் அதற்குச் செங்குத்தான திசையில் கோடாயிற்று. கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை என்பதை இதிலிருந்து அறிந்தார். தாமஸ் யங் 1801இலேயே தம் கண்ணில் இதைக் கண்டிருந்தார். ஆனால் அதற்கு மருந்தாக ஒரு கண்ணாடியைச் செய்வித்தவர் ஏரியே. ஒருபுறம் கோளமாகவும் மறுபுறம் உருளையாகவும் தேய்த்த வில்லையை இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடிக்காரர் ஒருவர் செய்து தந்தார். இச்செய்தி 1825இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் வாசிக்கப்பட்டது. ‘அஸ்டிக்மாட்டிசம்’ என்ற பெயரைப் பின்னர் சூட்டியவர் வில்லியம் ஹிவெல். நம் பாடநூல்கள் சிதறல் பார்வை என்கின்றன.

இன்று கண்மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் கோளம், உருளை, அச்சு என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றுள் பின்னிரண்டும் ஏரியின் இடக்கண் நமக்கு விட்டுச்சென்றவை.

ஒளிப்புள்ளியின் கதை டப்ளினில் தொடங்குகிறது. ஹோவர்ட் கிரப் உலகறிந்த தொலைநோக்கிக் கைவினைஞர். அவருடைய பட்டறையில் உருவான 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று, பூனாவில் இருந்து 1912இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் 1900இல் துப்பாக்கிக்கான ஒரு புதிய குறிக்கருவிக்கு உரிமம் பெற்றார். மறு ஆண்டில் அதை அரச டப்ளின் கழகத்தின் வெளியீட்டில் விளக்கினார். வில்லை ஒன்றின் குவியத்தில் உள்ள குறி, சாய்ந்த கண்ணாடித் தகட்டில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். முடிவிலியில் மிதப்பது போல் தோன்றும்.

இதன் அருமை நாற்பதைக் கடந்தவர்களுக்கே நன்கு புரியும். பழைய இரும்புக் குறிகளில் பின்குறி, முன்குறி, இலக்கு என்னும் மூன்றும் மூன்று தொலைவுகளில் இருக்கும். கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே கூர்மையடையும். இளமையில் அது விரைந்து மாறிச் சமாளிக்கும். வெள்ளெழுத்து வந்தபின் அந்நெகிழ்ச்சி போய்விடும். வெள்ளெழுத்துக்குச் சாளேசரம் என்றொரு பெயரும் தமிழில் வழங்கியது. நாற்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லின் சாயல் அதில் உண்டு. கிரப்பின் கருவி மூன்று தொலைவுகளையும் ஒன்றாக்கியது. முதல் உலகப் போரின் இறுதியில், 1918இல், ஜெர்மானியப் போர் விமானங்களில் இவ்வகை முயன்று பார்க்கப்பட்டது. சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் மின்னணு ஒளிப்புள்ளியைக் கைத்துப்பாக்கிகளுக்கும் வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் கொண்டுவந்தது.

வெள்ளெழுத்துக்கு வரமாக வந்த ஒளிப்புள்ளி, சிதறல் பார்வைக்குச் சோதனையாயிற்று. இருண்ட பின்புலத்தில் ஒளிரும் புள்ளி என்பது ஏரி கண்ட விண்மீனேயன்றி வேறில்லை. உருளைத் திருத்தம் இல்லாத கண்ணில் அது கோடாகவே விழும். புள்ளி சிதறுவது கருவியின் குற்றமா, கண்ணின் குற்றமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தலையை அசைக்காமல் நோக்கியை மட்டும் சுழற்ற வேண்டும். சிதறலும் உடன் சுழன்றால் குற்றம் கருவியுடையது. சிதறல் அதே சாய்வில் நின்றால் குற்றம் கண்ணுடையது. துப்பாக்கியில் பூட்டும் முன், கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இங்கேதான் குறைந்த மடங்குக் குறிநோக்கி உதவிக்கு வருகிறது. அதன் குறியிழை பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில் பொறிக்கப்பட்டது. கேஸ்காய்னின் இழையைப் போலப் பிம்பத்தளத்தில் நிற்பது. விளக்கை அணைத்தாலும் கருநிறத்தில் தெரியும். பகலில் விளக்கே வேண்டாம். அந்தியில் மங்கலாக ஏற்றினால் போதும். ஒளி குறையும்போது சிதறலும் உறுத்தாது. எனவே சிதறல் பார்வை உடையவர், விளக்கில்லாமலும் தெளிவாகத் தெரியும் குறியிழையையும், பல படிகளில் தணிக்கத்தக்க விளக்கையும் நாடுவதே முறை. மிகப் பிரகாசமான புள்ளியைக் காட்டி விற்பவரின் பேச்சு இவர்களுக்குரியதன்று.

3. தகுதியற்ற கண்

கருவிகளின் கதையை மட்டும் சொன்னால் மனிதர்களின் கதை விடுபட்டுப்போகும்.

தியடோர் ரூஸ்வெல்ட் தம் தன்வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்கிறார். 13 வயது வாக்கில் அவருக்கு முதல் துப்பாக்கி கிடைத்தது. தோழர்கள் சுட்ட பறவைகள் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அதன் பிறகே தமக்குப் பார்வைக் குறை இருப்பதை உணர்ந்தார். தந்தையிடம் சொல்ல, மூக்குக்கண்ணாடி வந்தது. உலகமே புதிதாகத் திறந்தது. கண்ணாடியின் தேவையை அவருக்கு உணர்த்தியது துப்பாக்கிதான். 1898இல் கியூபாப் போருக்குச் சென்றபோது மாற்றுக் கண்ணாடிகள் பலவற்றை உடன் கொண்டுசென்றார். 1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கியில் ஒருவன் அவரைச் சுட்டபோது, குண்டு சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த சொற்பொழிவுத் தாள்களையும் இரும்பாலான மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் துளைத்து வேகம் குறைந்தே மார்பில் தங்கியது.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. ருட்யார்ட் கிப்ளிங் கடுமையான கிட்டப்பார்வை உடையவர். அவருடைய தடித்த கண்ணாடி இல்லாத படத்தைக் காண்பது அரிது. மகன் ஜானும் அவ்வாறே. 1914இல் போர் மூண்டதும் ஜான் படையில் சேர முயன்றார். பார்வைக் குறையால் மறுக்கப்பட்டார். தந்தை தம் நண்பரான ராபர்ட்ஸ் பிரபுவை நாடி, ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் மகனுக்கு அதிகாரிப் பதவி பெற்றுத் தந்தார். 1915 செப்டம்பர் 27 அன்று பிரான்சின் லோஸ் களத்தில் ஜான் மறைந்தார். 18 வயது நிறைந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. உடல் கிடைக்கவில்லை, 1992இல் ஒரு கல்லறை அவருடையது என அறிவிக்கப்பட்டபின்னும் நெடுநாள் வாதம் நடந்தது. கிப்ளிங் போர்க்கல்லறை ஆணையத்தில் உறுப்பினராகப் பணியாற்றினார். மகனின் படைப்பிரிவு வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதி 1923இல் வெளியிட்டார்.

இந்நிகழ்வை நாம் எப்படி வாசிப்பது? தகுதியற்றது என்று மருத்துவக் குழு தள்ளிய கண், சிபாரிசால் தகுதி பெற்றது. கண் மாறவில்லை, விதியும் மாறவில்லை, ஏட்டில் இருந்த சொல் மட்டும் மாறியது. போர் நீண்டு ஆட்பற்றாக்குறை வந்தபோது விதிகளே தளர்ந்தன; முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் போன்றவர்களே பின்னர் அழைக்கப்பட்டனர். இயல்பான கண் என்பது உடற்கூற்றின் கணக்கு மட்டுமன்று, காலத்தின் தேவையும் கலந்த கணக்கு என்பதை இதைவிடக் கொடுமையாக உணர்த்தும் சான்று வேண்டியதில்லை.

4. மூன்றரை அங்குலம்

இரண்டாம் முறைப்பாடு கருநிழல் பற்றியது. தொலைநோக்கியின் கண்வில்லைக்குப் பின்னே சிறிது தொலைவில் ஒரு சிறு ஒளிவட்டம் உருவாகிறது. கண்மணி அவ்விடத்தில் நின்றால்தான் முழுக் காட்சியும் கிட்டும்; முன்பின் நகர்ந்தால் விளிம்பில் கருநிழல் புகும். வில்லையிலிருந்து அவ்விடம் வரை உள்ள தொலைவைக் கண்தொலைவு என்போம். மூக்குக்கண்ணாடி கண்ணுக்கு முன்னே 12 முதல் 14 மில்லிமீட்டர் வரை இடத்தை எடுத்துக்கொள்கிறது. கண்தொலைவு குறுகிய கருவியில் கண்ணாடி அணிந்தவர் உரிய இடத்தை நெருங்கவே இயலாது. துப்பாக்கியிலோ இன்னோர் இடரும் உண்டு. சுட்டதும் கருவி பின்னோக்கி வந்து முகத்தில் மோதும்.

முதல் உலகப் போருக்குச் சற்று முன் அமெரிக்கப் படை ஏற்ற வார்னர்–ஸ்வேசி நோக்கிகள் இதற்குத் தக்க சான்று. 1908ஆம் ஆண்டு வகை 6 மடங்கு. 1913ஆம் ஆண்டு வகை 5.2 மடங்கு. கண்தொலைவு மிகக் குறுகியது. மோதலைத் தாங்க ஒரு ரப்பர்க் கிண்ணத்தைப் பொருத்தினர். அதில் கண்ணைப் பதித்துச் சுட வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு அங்கே இடமே இல்லை.

எதிர்முனையில் நிற்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்த இசட்எஃப் 41. ஒன்றரை மடங்கே பெருக்கம். குழலின் மேல் முன்தள்ளிப் பொருத்தப்பட்டதால் கண்ணுக்கும் அதற்கும் இடையே ஓர் அடிக்கு மேல் இடைவெளி. எந்தக் கண்ணாடியும் இடிபடாது. ஆனால் காட்சிப்பரப்பு ஒரு சிறு துவாரம் போலச் சுருங்கிப்போயிற்று. கண்தொலைவு கூடினால் காட்சி குறுகும். காட்சி விரிந்தால் கண்தொலைவு குறையும். ஒளியியலின் இந்தப் பேரத்தில் முழு வெற்றி யாருக்கும் இல்லை.

கண்ணாடி அணிந்தவரையும் கணக்கில் கொண்டு கண்வில்லையை வடிவமைக்கும் எண்ணம் அமைதிக் காலக் கருவிகளில் முதிர்ந்தது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தன் இருகண் நோக்கிகளில் ‘பி’ என்ற எழுத்தைப் பொறித்தது. மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ‘பிரில்லெ’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. பறவை நோக்குவோர் அதன் பயனை நன்கு அறிவர். படைக்கருவிகளோ பின்தங்கியே வந்தன. பிரிட்டனின் சுசாட் நோக்கியில் 4 மடங்கு பெருக்கம். டிரிடியம் என்னும் கதிரியக்க வாயுவின் ஒளி. கண்தொலைவு ஏறத்தாழ ஓர் அங்குலமே. 1987இல் வந்த டிரிஜிக்கானின் 4 மடங்கு நோக்கியில் ஒன்றரை அங்குலம். டிரிடியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள், மின்கலம் வேண்டாத அந்த ஒளியும் மெல்ல மூத்து மங்குகிறது.

இன்றைய குறைந்த மடங்கு நோக்கிகளில் கண்தொலைவு பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு அங்குலம். கண்ணாடி எடுத்துக்கொள்ளும் அரை அங்குலம் போக, முகத்துக்கும் கருவிக்கும் இடையே பாதுகாப்பான வெளி மிஞ்சுகிறது. இவ்வகை கண்ணாடி அணிந்தவர்களிடையே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

5. தேர்வு

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்கான நெறிகளைத் தொகுக்கலாம்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதா என்ற மூன்றாம் வினாவுக்கு விடை, கழற்ற வேண்டாம் என்பதே. கண்வில்லையைத் திருகினால் கோளக் குறை ஓரளவு சரியாகும். உருளைக் குறையை எந்தத் திருகலும் நீக்காது. மேலும் ஒரு மடங்கில் இரு கண்களும் திறந்திருக்க வேண்டும். கண்ணாடி இல்லாத மறுகண் மங்கிய உலகையே காணும். இலக்கையும் அதன் பின்னே நிற்பதையும் தெளிவாக அறியாமல் சுடுவது குற்றம். உடைபடாத வில்லை கண்ணுக்குக் காப்பும் ஆகும்.

கண்ணாடியை அணிந்தபடியே, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கிக் குறியிழை கூர்மையாகும் வரை கண்வில்லையைத் திருக வேண்டும். நெடுநேரம் உற்று நோக்கினால் கண் தானாகவே சமாளித்துக்கொண்டு நம்மை ஏமாற்றும்; எனவே ஒரு கணம் பார்த்துப் பிறகு விலகுவது நன்று.

உருப்பெருக்கப் பேராசையை அடக்குவதும் வேண்டும். முகப்பு வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் ஒளிவட்டத்தின் அளவு கிட்டும். 24 மில்லிமீட்டர் முகப்பில் 4 மடங்குக்கு 6 மில்லிமீட்டர். 6 மடங்குக்கு 4. 8 மடங்குக்கு 3. வட்டம் சிறுக்கச் சிறுக்க, கண் நிற்க வேண்டிய இடமும் குறுகும். கண்ணாடியோடு அலையும் கண்ணுக்கு 4 அல்லது 6 மடங்கே இதமானது.

குறியிழை முன்தளத்தில் இருந்தால் மடங்கு குறையும்போது அதுவும் சிறுத்து, ஒரு மடங்கில் நூலாகிவிடும். பின்தளத்தில் இருந்தால் அளவு மாறாது. அருகில் விரைந்து காண விழையும் மூத்த கண்ணுக்குப் பின்னதே எளிது. இருகுவியக் கண்ணாடியோ படிப்படியாக மாறும் வில்லையோ அணிபவர், தலை தாழ்த்திக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்கும்போது எவ்வழியாக நோக்குகிறோம் என்று சோதிக்க வேண்டும். பெரும்பாலும் வில்லையின் மேலோரத்து மூக்குப்புற மூலை அது. சட்டம் சிறிதானால் பார்வை சட்டத்துக்கு வெளியே போய்விடும். தொலைவுக்கு மட்டுமான ஒற்றை வில்லை, சற்றுப் பெரிய சட்டம் ஆகிய இரண்டும் இக்குறையைத் தீர்க்கும்.

ஆகவே குறிநோக்கியை விலைபேசும் முன் ஒருவர் வாசிக்க வேண்டிய முதல் ஏடு, விற்பனையாளரின் விளம்பரத்தாள் அன்று. தம் சட்டைப்பையில் மடிந்து கிடக்கும் கண்மருத்துவரின் சீட்டு. கோளம், உருளை, அச்சு என்னும் அம்மூன்று எண்களைக் கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓர் இளைஞரைத் தகுதியற்றவர் என்றனர். இன்று அதே எண்களைக் கொண்டு கருவியைத் தகுதியற்றது என்று நாம் தள்ளிவிடலாம். கண்ணின் வரலாற்றில் இது சிறு மாற்றம் அன்று.